டிசம்பரில் கயானா வேண்டாமே: பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்துப் பயணக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் பதினான்கு குடும்பங்களைக் கயானாவுக்குக் கூட்டிப் போவதாக நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முதலில் ஒரு கும்பிடு. ஊரே ஒர்லாண்டோவுக்கும் கான்கூனுக்கும் ஓடும்போது உங்களுக்குத் தென் அமெரிக்காவின் அந்த ஓரம் ஞாபகம் வந்ததே பெரிய விஷயம். ஆனால் தேதியை யார் போட்டது? "நியூஜெர்சியில் பனி கொட்டும்போது அங்கே வெயில் அடிக்கும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். அங்கே புழுக்கமாக இருக்கும் என்பது சரி, வெயில் அடிக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கயானாவில் கோடை, குளிர் என்று தேடிப் பிரயோஜனமில்லை. வருஷம் முழுக்க ஒரே சூடுதான். அங்கே பருவம் என்றால் மழை பெய்கிறதா, பெய்யவில்லையா என்பது மட்டும்தான். நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு மழை மேகப் பட்டை சூரியனோடு சேர்ந்து வடக்கே ஏறும், தெற்கே இறங்கும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கயானாவின் கடலோரத்தை நனைத்துவிட்டுப் போகும். மே முதல் ஆகஸ்ட் பாதி வரை பெரிய மழை, நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை சின்ன மழை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறித்திருக்கும் வாரம் அந்தச் சின்ன மழையின் நடுவயிறு. பெயர்தான் சின்ன மழை. 2005 ஜனவரியில் தலைநகர் ஜார்ஜ்டவுனும் அதன் கிழக்குக் கடலோரமும் வெள்ளத்தில் முங்கிக் கிடந்தது இந்த மழையில்தான்.

நான் சும்மா சொல்லவில்லை, பட்டவன். சில வருஷங்களுக்கு முன்னால் இதே டிசம்பர் விடுமுறையில் மனைவி, பிள்ளைகளோடு போனேன். போனதே கயட்டூர் அருவிக்காக. பொட்டாரோ ஆறு மொத்தமும் 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே தாவலாக விழுகிற இடம், நயாகராவெல்லாம் அதன் கால்வாசி உயரம்கூட இல்லை. ஜார்ஜ்டவுன் பக்கத்தில் ஓகிள் விமான நிலையத்திலிருந்து பன்னிரண்டு பதிமூன்று பேர் உட்காரும் குட்டி விமானத்தில் ஒரு மணி நேரம் காட்டுக்கு மேலே போக வேண்டும். முதல் நாள் காலையில் பையோடு போய் உட்கார்ந்தோம், மேகம் தாழ்ந்திருக்கிறது என்று ரத்து. இரண்டாம் நாளும் ரத்து. மூன்றாம் நாள் கிளம்பி, இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து பாறை விளிம்புக்குப் போனால் எதிரே வெள்ளைச் சுவர். அருவியல்ல, மூடுபனி. சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் இடிக்கிறது. அந்த விளிம்பில் கம்பி வேலி எதுவும் கிடையாது என்பதால் மனைவி சின்னவனின் சட்டைக் காலரை விடவே இல்லை. ஒரு இருபது விநாடி பனி கிழிந்தது, பழுப்புத் தண்ணீரின் ஒரு துண்டு தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான் நாங்கள் பார்த்த கயட்டூர்.

சரி, வெறுங்கையோடு வரவில்லை. ஆள் உயரத்துக்கு வளரும் ஒரு செடி அங்கே இருக்கிறது, பெரிய அன்னாசிச் செடி மாதிரி. அதன் மடலில் தேங்கும் தண்ணீரில் நகத்தளவு தங்கத் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் அது உற்சாகமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். பதினான்கு குடும்பம் என்றால் ஐம்பது பேருக்குக் குறையாது. அந்த அளவு விமானத்தில் நான்கைந்து நடை. ஒரு நாள் மேகம் கவிழ்ந்தால் ஐம்பது பேரும் விடுதி வராந்தாவில். மறுநாள் யார் முதலில் போவது என்று தொடங்கும் பஞ்சாயத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை, பொங்கல் விழாவில் பந்தி வைக்கும்போதே பார்த்திருக்கிறோம்.

"ஊரிலேயே இருந்து சுற்றுவோம்" என்பீர்கள். ஜார்ஜ்டவுன், கடல் பொங்கும் நேரத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர். டச்சுக்காரர்கள் தொடங்கிவைத்த ஏற்பாடுதான் இன்னமும்: கடலைத் தடுக்க ஒரு சுவர், தெருவோரம் வாய்க்கால், வாய்க்கால் முனையில் மதகு. மதகுக்கு அங்கே 'கோக்கர்' என்று பெயர். கடல் வற்றும்போது திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள், ஏறும்போது அடைத்துவிடுவார்கள். கொட்டுகிற மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் எங்கே போகும்? தெருவில்தான் நிற்கும். நவம்பர் மாத வேளச்சேரியைப் பார்ப்பதற்கு ஆறு மணி நேரம் பறக்க வேண்டுமா?

டிசம்பர் என்றால் விமானமே கிடைப்பதில்லை, அவ்வளவு பேர் கயானாவுக்குப் போகிறார்கள், அப்படியென்றால் நல்ல காலம்தானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். போகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? நியூயார்க்கின் குயின்ஸில் ரிச்மண்ட் ஹில் முழுக்க இருக்கும் கயானாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். பெப்பர்பாட் கறியும் கறுப்பு கேக்கும் சாப்பிடத்தான் போகிறார்கள், மழை பெய்தால் அவர்களுக்கு என்ன? டிக்கெட் விலையும் அதனால்தான் எகிறுகிறது.

கோடை விடுமுறையில் போகலாமே என்று மாற்றிவிடாதீர்கள், அது இன்னும் மோசம். 2024 ஜூன் 27 அன்று இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டி20 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? அதே கயானாவில், பிராவிடன்ஸ் மைதானத்தில். மைதானம் காய்வதற்காக நாம் எல்லோரும் டிவி முன்னால் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோமே, அதுதான் பெரிய மழை. தெற்கே ருபுனூனி புல்வெளியில் இந்த ஒரு மழைதான், ஆனால் அது வந்தால் ஆறும் நிலமும் ஒன்றாகிவிடும். எஸ்ஸெகிபோ ஆற்றுக்கு ஓடும் தண்ணீரும் அமேசானுக்கு ஓடும் தண்ணீரும் அங்கே வெள்ளத்தில் கைகோத்துக்கொள்ளும், மீன்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். தங்க நகரம் இருக்கும் ஏரி என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தேடித் திரிந்தது இந்த வெள்ளக்காட்டைக் கேள்விப்பட்டுத்தான் என்கிறார்கள். படிக்க அழகாக இருக்கிறது. அந்தப் புல்வெளி ஊரான லெத்தமுக்குப் போகும் செம்மண் சாலையில் வேன் அச்சு வரை புதைந்து நிற்கும்போது அவ்வளவு அழகாக இருக்காது.

என் கோரிக்கை இதுதான்: பிள்ளைகளுக்கு ஈஸ்டரை ஒட்டி வரும் வசந்த விடுமுறைக்கு மாற்றுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடலோரம், உள்நாடு இரண்டுமே பொதுவாகக் காய்ந்திருக்கும் காலம். அருவி கொஞ்சம் ஒல்லியாகியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பசிபிக் கடல் சூடேறி அங்கே மழை குறையும் எல் நினோ வருஷமாக இருந்தால் ரொம்பவே மெலிந்துவிடும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத குண்டு அருவியைவிடத் தெரிகிற ஒல்லி அருவி மேல். புல்வெளியில் தண்ணீர் சுருங்குவதால் எறும்புத்தின்னி, ராட்சத நீர்நாய் எல்லாம் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்களன்று ஜார்ஜ்டவுன் கடற்சுவர் மேலே வானம் முழுக்கப் பட்டம். லெத்தமில் மாடு அடக்கும் ரோடியோவும் அதே வாரம்தான், நம் ஜல்லிக்கட்டு ரசிகர்களைக் கையில் பிடிக்க முடியாது. அறை மட்டும் சீக்கிரம் சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட அண்ணன் அக்காக்கள் தனியாகப் போவதென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். பெரிய மழை தந்த தண்ணீர் அருவியில் இன்னும் மிச்சம் இருக்கும், வானமும் வெளுத்திருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் முதல் இடம், பள்ளிக்கூடம் விடாது என்பதால்தான் அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொன்று, நாட்டின் கிழக்கே இருக்கும் பெர்பிஸ் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வம்சத்தை அங்கே இன்றும் 'மதராசி' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ் பேச்சில் இல்லை, ஆனால் மாரியம்மன் கோயிலில் தப்பு அடிக்கிறார்கள், அதற்குப் பெயரும் தப்புதான். மழைக்காரியான மாரியிடமே டிசம்பரில் வெயில் கேட்டுப் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம், தேதி எதுவானாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்க வேண்டாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாவது போட வேண்டும். கயானாவிலிருந்து நேரே சென்னைக்குப் போகத் திட்டமிட்டிருக்கும் மூன்று குடும்பங்கள் ஊசி போட்டதற்கான அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் அங்கே தனிமைப்படுத்தி உட்காரவைத்துவிடுவார்கள்.

முன்பணம் கட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு வாக்கெடுப்பு வையுங்கள். ஈஸ்டர் என்றால் எங்கள் வீட்டில் நான்கு டிக்கெட். டிசம்பர் என்றால் பெரியவன் மட்டும் வருவானாம், தவளையைப் பார்க்க.

அன்புடன்,
அந்த டிசம்பர் பயணக் கதையை ஏற்கெனவே மூன்று தடவை உங்களிடம் சொன்னவன்