வாடகை வீட்டில் தீ விபத்து: காப்பீடு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் எங்கள் தெருவில் உள்ள ஒரு வாடகை வீட்டில் சென்ற ஐப்பசி மழையின்போது கீசரின் ஒயர் உருகித் தீப்பிடித்தது. மரச் சீலிங் முழுவதும் எரிந்து, தகரக் கூரையில் பாதி சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், இழப்பீடு தொடர்பாக உரிமையாளருக்கும் குடியிருந்தவருக்கும் மூண்ட மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. மர வேலைப்பாடு மிகுந்த பழைய வீடுகளும், ஹீட்டர் இல்லாமல் கழியாத குளிரும் உள்ள நீலகிரியில் இது யார் வீட்டிலும் நடக்கக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருந்தால் தம் பொருள்களுக்கும் பணம் வந்துவிடும் என்று குடியிருப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அப்படி வராது. அந்தப் பாலிசி கட்டடத்துக்கும், உரிமையாளருக்குச் சொந்தமான சாமான்களுக்கும் மட்டுமே செல்லும். குடியிருப்பவர் தம் பீரோ, டிவி, கம்பளி முதலியவற்றுக்குத் தனியே காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசியை வீட்டுப் பொருள்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருக்கும் காலத்துக்கு உரிமையாளர் இழக்கும் வாடகையையும் அதே பாலிசி ஈடுகட்டும். ஆனால், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யாமல் வாய்ப்பேச்சில் வீடு விட்டவர் எதைக் காட்டி அந்தத் தொகையைக் கேட்பார்? சீசனில் தினவாடகைக்கு விடுபவர்கள் அதை நிறுவனத்திடம் மறைத்துக் குடியிருப்பு வீட்டுக்கான பாலிசியை எடுப்பதும் ஆபத்தே. விபத்துக்குப் பிறகுதான் அது வெளிவரும்.

உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம், தீக்குக் குடியிருப்பவரின் கவனக்குறைவே காரணம் என்று நிறுவ முடிந்தால், அந்தத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே, காரணம் தெரியும் முன்பே ‘சிலிண்டர் வெடித்தது’, ‘அடுப்பை அணைக்காமல் போய்விட்டார்கள்’ என்று அக்கம்பக்கத்தார் அடித்துச் சொல்வது நல்லதன்று. காரணத்தைத் தீயணைப்புத் துறையின் அறிக்கை சொல்லட்டும். இருவரும் அதற்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் காரியம் கெட்டது முதல் சில நாள்களில்தான். திறந்து கிடந்த வீட்டுக்குள் மழை கொட்டவே, உரிமையாளர் பதறிப்போய்க் கருகிய உத்திரங்களையும் தகரத்தையும் லாரியில் ஏற்றி அப்புறப்படுத்திவிட்டார். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்ததால் கோவையிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த சர்வேயர் (காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) பார்த்தது வெறும் சுவரைத்தான். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமையே. அதற்குத் தார்ப்பாய் கட்டி, அதன் பில்லைப் பத்திரப்படுத்தினால் போதும்; எரிந்ததைச் சர்வேயர் பார்க்கும் முன் அகற்றிவிடக் கூடாது. எதையும் நகர்த்துவதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுத்து, கருகிய சுவிட்ச் போர்டையும் கீசரையும் ஒரு மூலையில் போட்டுவைப்பது பிறகு எழும் பாதித் தகராறைத் தவிர்க்கும். வங்கிக் கடன் உள்ள வீடானால் வங்கிக்கும் அன்றே தகவல் தர வேண்டும், ஏனெனில் இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் அங்குதான் முதலில் போகும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி, 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமித்து, 15 நாள்களுக்குள் அவரது அறிக்கையைப் பெற்று, அது கிடைத்த 7 நாள்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். எழுத்துமூலம் அளித்த புகாரை நிறுவனம் நிராகரித்தாலோ, ஒரு மாதமாகியும் அதற்குப் பதில் வராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

காலக்கெடு காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் அது எங்களுக்குப் பயன்படுவதில்லை. எனவே, நீலகிரியில் பாலிசி விற்கும் நிறுவனங்கள் உதகையிலோ குன்னூரிலோ சர்வேயர் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது இயலாத நாள்களில் காணொளி வழியே முதல் ஆய்வை முடித்து, எதை அகற்றலாம், எதை அகற்றக் கூடாது என்பதைப் பாலிசிதாரருக்குத் தமிழில் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.