பூட்டில்லாத கத்தி போதும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கத்திப் படங்களையெல்லாம் பார்த்தேன். கறுப்பு அலகு, விரலால் தட்டினால் விரியும் பொறி, பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளக் கிளிப். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் தினமும் கூடவே வைத்திருப்பதாகக் காட்டும் ரகம். அங்கே பல மாநிலங்களில் அது சாதாரணம். நீ படிக்க வருவது இங்கிலாந்துக்கு. அந்தப் படங்களில் ஒன்றைக்கூட இங்கே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியாது.

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் 4 ஆண்டு வரை சிறை. இதில் ஒரே ஒரு விலக்கு மடக்குக் கத்திக்கு, அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்றையும் கவனி: விரித்த பிறகு பூட்டிக்கொள்ளும் கத்தியை இங்குள்ள நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாகவே ஏற்பதில்லை. அலகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரிகிற ரகம் 2021 முதல் வீட்டுக்குள் இருந்தாலே குற்றம்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் அண்ணா" என்று எழுதியிருந்தாயே, அந்த வாக்கியத்தை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. தற்காப்பு தக்க காரணம் ஆகாது. அதைவிட மோசம், அந்த எண்ணத்தோடு எடுத்துப்போனால் விலக்குப் பெற்ற சின்னப் பேனாக்கத்தியும் ஆயுதம் ஆகிவிடும். சட்டம் கிடக்கட்டும், கத்தியை எடுத்தால் எதிராளி பயந்து ஓடுவான் என்பதே சினிமாக் கணக்கு. கைகலப்பில் கத்தி யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலம்பமோ, காலி என்கிற பிலிப்பைன்ஸ் சண்டைக்கலையோ கற்றுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாக வகுப்பில் சேர். மரக்கத்தியும் ரப்பர் கத்தியும் அங்கேயே தருவார்கள். உன் பாக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, எதை வாங்குவது? என் கட்சி விக்டோரிநாக்ஸ். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய அதே கம்பெனிதான். அதில் 91 மில்லிமீட்டர் வரிசையைப் பார், அது மடக்கிய கத்தியின் நீளம். அலகு 3 அங்குலத்துக்குள் அடங்கும், பூட்டும் கிடையாது. கிளைம்பர் என்ற மாடலில் கத்தரிக்கோலும் உண்டு. நாள் முழுக்க நான் எடுப்பது அலகை அல்ல, அந்தக் கத்தரிக்கோலைத்தான். 111 மில்லிமீட்டர் வரிசைப் பக்கம் போகாதே. அதன் பெரிய அலகுகள் பூட்டிக்கொள்ளும். பிரான்சின் ஒபினெல் எனக்கு ரொம்பப் பிடித்த கத்தி. மரப்பிடி, அழகான அலகு. ஆனால் அதன் 8ஆம் எண் அளவில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், அலகின் நீளமும் எட்டரை சென்டிமீட்டர். இங்கே அதற்கு இடம் சமையலறை மேடைதான்.

பூட்டில்லாத கத்திக்கு உன் கைதான் பூட்டு. பயிற்சி முழுக்க இதில்தான் இருக்கிறது. இந்தக் கத்தியில் அலகை விரித்து நிறுத்துவது முதுகுப்பக்க வில் மட்டுமே. அதனால் விளிம்பு வேலையில் அழுந்தியிருக்கும்வரை பயமில்லை. முனையால் குத்தினாலோ, நெம்பினாலோ, முதுகால் தட்டினாலோ அலகு உன் விரல்மேல் மடங்கும். பார்சல் டேப்பை முனையால் குத்தித் திறக்காதே, விளிம்பைச் சாய்த்து இழு. உடம்புக்கு வெளிப்பக்கமாக வெட்டு, பிடித்திருக்கும் கை அலகின் பாதையில் வரக் கூடாது. மடக்கும்போது இரண்டு கையும் வேண்டும்: ஒரு கை பிடியின் பக்கங்களை மட்டும் பிடிக்கட்டும், இன்னொரு உள்ளங்கை அலகின் முதுகைத் தள்ளட்டும். டிவி பார்த்துக்கொண்டு மடக்காதே. பழைய அட்டைப்பெட்டி, கயிறு, ஆப்பிள் என்று வீட்டில் வைத்து வெட்டிப் பழகு. கை நழுவினால் பிடிக்கப் பாயாதே, கீழே விழட்டும்.

அப்புறம் சாணை. மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்கும். விக்டோரிநாக்ஸ் எஃகு கொஞ்சம் மென்மை. சீக்கிரம் பதம் போகும், சீக்கிரம் பதம் ஏறும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல், 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) ஒன்று போதும். கோணம் பிடிக்க வழி: அலகைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்து, பாதி சாய்த்தால் 45 பாகை, அதில் பாதி இருபத்திரண்டரை. அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தேய். மறுபக்கம் விளிம்பு நெடுக ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டதும் திருப்பு. கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் அலகின் முதுகு முன்னே போகும்படி நாலு இழுப்பு. தாளில் வெட்டிப் பார், கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காதே. முதல் தடவை கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

அங்கேயே வாங்கிக்கொண்டு வருவதானால் செக்-இன் பெட்டிக்குள் வை. கைப்பையில் இருந்தால் சென்னை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கல் வாங்காதே, கனம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்துக்குப் பெரியம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டு வாங்கி வா.

அன்புடன்,
அண்ணன்