பேத்தியின் சாப்பாடு பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பெரும்போக அறுவடை முடிந்துவிட்டது, எல்லோரும் சுகம். உன் பேத்தியைப் பற்றி நீ எழுதியிருந்ததுதான் மனத்தை விட்டு அகலவில்லை.

கரப்பன் வந்ததும் பால்மாவை நிறுத்தினீர்கள். பிறகு முட்டை. அதன்பின், தோலில் கடி சொறியைக் கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று மீன், இறால், கச்சான் எல்லாமே போய்விட்டன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மிஞ்சியது சோறும் பருப்பும் பூசணிக்காயும். கரப்பன் அடங்கியது என்று மகிழ்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

களுவாஞ்சிகுடியில் என் தங்கையின் பேரனுக்கும் இப்படித்தான் நடந்தது. கிளினிக் பதிவேட்டில் மேலே ஏறவேண்டிய நிறைக்கோடு மாதக்கணக்கில் கிடையாகவே போனது. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட, அவன் தாயின் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். இரும்புச்சத்தும் விற்றமின் டியும் குறைவு என்றார்கள். நம் ஊர் வெயிலில் விற்றமின் டி குறையுமா என்று கேட்பாய். கரப்பனுக்குப் பயந்து அவனை வெயிலிலும் விடவில்லை, பாவம்.

இரத்தப் பரிசோதனையில் ஓர் உணவு காட்டிவிட்டால் மட்டும் அது ஒவ்வாமை ஆகிவிடாது, தேவையானால் வைத்தியசாலையில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்று குழந்தை நல வைத்திய நிபுணர் விளக்கினார். கடைசியில் பார்த்தால் அவனுக்கு ஆகாதது பால் ஒன்றுதான். மீனும் முட்டையும் அநியாயமாக மறுக்கப்பட்டிருந்தன.

பசுப்பால்தானே ஆகாது, எருமைத்தயிர் கொடுக்கலாமே என்று அயலில் சொன்னார்கள். மட்டக்களப்பில் தயிர்ச்சட்டி இல்லாத வீடு ஏது? ஆனால் எருமைப்பாலின் புரதமும் ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலினுடையதற்கு மிக நெருக்கமானவை. உறைந்து தயிரானாலும் ஒவ்வாமை நீங்காது. நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவிலும் பால்மா இருக்கிறது, அதையும் கவனித்துக்கொள். தேங்காய்ப்பால் பாலுக்கு ஈடாகாது. அதில் கொழுப்பு உண்டு, கல்சியமும் புரதமும் சொற்பம்.

ஒன்றை நிறுத்தினால் அதே நாளில் அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தாக வேண்டும். 100 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆனால் உடம்பு அதை அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. ஆகவே கூழை மட்டும் நம்பியிராதே. மீன் ஒத்துக்கொள்ளும் என்று வைத்தியர் சொன்னால் நெத்தலியை முள்ளோடு நன்றாக மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். தங்கை மகள் முருங்கை இலையும் போட்டுப் பிசைவாள், பையன் தட்டை வழித்துத் தின்பான். பால் சுத்தமாகவே ஆகாது என்று உறுதியானால், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தயாரிக்கும் பால்மா வகைகள் உண்டு. விலை கூடியவைதான், ஆனாலும் வைத்தியரிடம் கேள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நிறுத்திய எதையும் நீங்களாக வீட்டில் மீண்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள், உதடு வீங்கவும் மூச்சு இழுக்கவும் கூடும். மூன்று நாள் அவள் சாப்பிட்டது முழுவதையும் ஒரு கொப்பியில் எழுதி, பதிவேட்டோடு கிளினிக்குக்குக் கொண்டு போ. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும், அதனால் மறுபரிசோதனை எப்போது என்பதையும் கேட்டுக்கொள். நிறை எவ்வளவு என்று அன்றைக்கே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி