ஃபில்டரைக் கழற்றாமல் கொண்டு வாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்தால் சிங்கப்பூரில் உள்ள எங்கள் கடை மேசையில், ரிமோட்டில் ஓடும் மாதிரி கார்களின் இன்ஜின்கள் வந்து குவியும். இந்த முறையும் குவிந்திருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய். குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறது, சூடேறியதும் அணைந்துவிடுகிறது, மறுபடி உயிர் வர மறுக்கிறது. காலையில் வைத்த டியூனிங் மதியம் நிற்பதில்லை. பிளக்கை மாற்றிவிட்டேன், எரிபொருளைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள். இன்ஜினின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பசை இருக்கிறது. எண்ணெயும் மண்ணும் குழைந்த பசை.

"வாராவாரம் ஃபில்டரைக் கழுவுகிறேனே மாமா" என்றார் ஒரு தம்பி. தேசிய சேவைக் காலத்தில் மாதாமாதம் சேர்த்து வைத்த காசில் வாங்கிய கார் அது. அவர் சொன்னது உண்மைதான். காற்றை வடிகட்டும் ஃபில்டர் பஞ்சு பளிச்சென்று இருந்தது. மண் பஞ்சின் வழியாக வரவே இல்லை. ஃபில்டரை, காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டரோடு இணைக்கும் ரப்பர் குழாயின் வாயில், ஜிப் டை என்ற பிளாஸ்டிக் கட்டு சரியாகப் பிடிக்காத இடத்தில், நகக்கண் அளவு இடைவெளி இருந்தது. மண் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தோம்.

முதலில், இந்தச் சின்ன இன்ஜின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிஜ காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ பக்கி காரில் பொதுவாக இருப்பது 3.5 சிசி இன்ஜின். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடுகிறது என்றால், கணக்குப்படி நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர்தான் இழுப்பார். அதுவும் இந்த கார் மூச்சு வாங்குவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முன்னே போகும் காரின் சக்கரம் கிளப்பும் புழுதிக்குள். ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய கணக்கு. 26 சிசி இன்ஜின் 15,000 சுற்றில் ஓடினால் 390 லிட்டர்.

அந்தக் காற்று நேராக பிஸ்டன் தலைக்குப் போவதில்லை. நைட்ரோ இன்ஜினில் கார்புரேட்டரைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்டின் நடுத்துளை வழியாக அடியில் இறங்கி, பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் பின் பேரிங்கையும் தொட்டுவிட்டு, அப்புறம்தான் மேலே ஏறும். பெட்ரோல் இன்ஜினில் பாதை கொஞ்சம் வேறு. ஆனாலும் அங்கேயும் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் மேலே வரவேண்டும். அதனால் உள்ளே நுழைந்த மண் முதலில் தின்பது ராடின் அடிமுனையையும் பேரிங்கையும். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. எரிபொருளோடு வரும் எண்ணெய் அந்த மணலைக் குழைத்து, உரசித் தேய்க்கும் பசையாக ஆக்கிவிடுகிறது.

நைட்ரோ இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான ஸ்லீவ் மேலே போகப்போகக் குறுகும். புது இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள், உச்சியில் பிஸ்டன் இறுக்கமாக ஒரு பிடி பிடிக்கும். அந்தப் பிடிதான் இன்ஜினின் உயிர். மண் தேய்த்தால் பிடி போய்விடும், காற்றை அழுத்தும் திறனான கம்ப்ரஷனும் கூடவே போய்விடும். நாங்கள் எத்தனை நுணுக்கமாக டியூன் செய்தாலும் அது திரும்பாது. பிஸ்டனையும் ஸ்லீவையும் மாற்றுவதுதான் வழி. அதற்கு ஆகும் செலவில் ஒரு வருடத்துக்கு வேண்டிய ஃபில்டர்களை வாங்கிவிடலாம். உங்களிடம் அந்த பில்லை நீட்டும்போது எங்களுக்கும் மனது சங்கடப்படுகிறது.

2013 ஜூன் 21-ஆம் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்ட நாள். அந்த வாரம் முகக்கவசம் வாங்க எல்லாரும் அலைந்தோம். அப்போது திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: கவசம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூக்கின் ஓரம் இடைவெளி விட்டால் பலன் இல்லை, காற்று சுலபமான வழியைத் தேடித்தான் போகும். ஏர் ஃபில்டருக்கும் அதே கதைதான். எண்ணெய் தடவிய பஞ்சு காற்றுக்குக் கொஞ்சம் தடை போடும். பக்கத்தில் ஒரு கீறல் இருந்தால் காற்று அங்கேதான் முண்டியடிக்கும், மண்ணையும் கூட்டிக்கொண்டு.

அதனால் பஞ்சைப் பார்ப்பதற்கு முன் இணைப்புகளைப் பாருங்கள். ரப்பர் குழாயை வளைவில் இரண்டு விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள். எரிபொருள் பட்டுப் பட்டு ரப்பர் விறைத்துப்போய், வளைவின் உட்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். அழுத்தாமல் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. வெடிப்பு தெரிந்தால் ஒட்டவேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒரு ஜிப் டை போட்டால் அதன் பூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் சரியாக நசுங்காது. அதனால் இரண்டு போடுங்கள், பூட்டுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். குழாய் கார்புரேட்டர் வாயில் உட்காரும் விளிம்பிலும், பஞ்சு அடித்தட்டில் உட்காரும் விளிம்பிலும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். கார்புரேட்டர் இன்ஜினில் உட்காரும் இடத்தில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் மறக்கவேண்டாம். அது சுருங்கினால் காற்று அடியிலிருந்து திருட்டுத்தனமாக நுழையும், கார் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகமான ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஓட்டி முடித்ததும் வெள்ளை டிஷ்யூ ஒன்றை எடுத்து, ஃபில்டரைக் கழற்றியபின் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் ஒட்டினால் நிம்மதி. விரலில் நெருடினால், ஒரு துகள் என்றாலும், எங்கோ ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை காரை ஓட்டாதீர்கள். எங்கள் கடையில் நாங்கள் நம்பும் சோதனை இது ஒன்றுதான்.

கழற்றும் விதமும் முக்கியம். முதலில் வெளியே ஒட்டியிருக்கும் மண்ணை பிரஷால் தட்டிவிடுங்கள். கார்புரேட்டர் வாய் கீழே பார்க்கும்படி காரைச் சாய்த்துக்கொண்டு கழற்றுங்கள். கழற்றிய கையோடு வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். நாங்கள் சிவப்புத் துணிதான் வைத்திருக்கிறோம், மறந்து ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்று.

இனி கழுவுவது. வெளிப்பஞ்சு பெரிய கண், உள்பஞ்சு சின்னக் கண். இரண்டையும் பிரித்தெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஃபில்டர் எண்ணெய் பிசின் மாதிரி ஒட்டும், ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை அலசவேண்டும். பிழியும்போது முறுக்காதீர்கள், உள்ளங்கையில் வைத்து அமுக்குங்கள், முறுக்கினால் ஒட்டிய மூட்டு பிரிந்துவிடும். பெட்ரோலில் ஊறவைத்தால் சீக்கிரம் போகிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம். பஞ்சின் பசை கரைந்துபோகும். அதைவிட, வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், திறந்த பாத்திரத்தில் பெட்ரோலா? அதை நினைத்தாலே எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம் ஊரில் பெரிய தொல்லை உலர்த்துவதுதான். மழைக்காலத்தில் துணியே காய்வதில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பஞ்சின் நடுவில் ஈரம் நிற்கும். ஈரப் பஞ்சு எண்ணெயைப் பிடிக்காது. குறைந்தது ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலில் மூங்கில் கழியில் மாட்டவேண்டாம், வெயில் பஞ்சை மக்கவைக்கும். பல வருடங்களுக்கு முன் மறுநாள் போட்டி என்ற அவசரத்தில், இதை எழுதும் நான் ஹேர் டிரையரை உச்சத்தில் வைத்து உலர்த்தினேன். மூட்டில் இருந்த பசை இளகி விட்டுப்போனது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது டேங்க்கில் இன்ஜின் போயிற்று. அந்த பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன், கடைக்கு வந்தால் காட்டுகிறேன். நீளவாக்கில் பூனை பிறாண்டினதுபோல் கோடுகள். ஆகவே அவசரப்படாமல் இருக்க ஒரே வழி, நான்கு ஃபில்டர்களைத் தயாராக வைத்துக்கொள்வது. கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டு, தனித்தனி ஜிப் பைகளில்.

எண்ணெய் போடுவதும் அந்தப் பைக்குள்ளேயே நடக்கட்டும். பஞ்சைப் போட்டு, ஃபில்டர் எண்ணெயை ஊற்றி, வெளியிலிருந்து மாவு பிசைவதுபோல் பிசையுங்கள். பஞ்சு முழுக்க ஒரே நிறமாக வரவேண்டும். வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே எண்ணெய் இல்லை, மண் அந்த வழியாகப் போகும். பிறகு டிஷ்யூவில் வைத்து அமுக்கி மிச்சத்தை எடுங்கள். சொட்டச் சொட்ட விட்டால் எண்ணெய் கார்புரேட்டருக்குள் வழியும், இன்ஜின் மூச்சு முட்டும். இன்ஜின் ஆயில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது ஒட்டி நிற்காது, வழிந்து கீழே இறங்கிவிடும். எண்ணெய் போட்டே விற்கும் பாக்கெட் ஃபில்டர்களிலும் நாள்பட எண்ணெய் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும், மாட்டும் முன் ஒருமுறை பிசையுங்கள். பழைய காகித ஃபில்டர் யாராவது வைத்திருந்தால் அதற்கு எண்ணெயும் வேண்டாம், கழுவலும் வேண்டாம், மண் தரைக்கும் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எல்லாரும் கேட்கிறீர்கள். தார் தரை என்றால் நாள் முழுக்க ஓட்டிவிட்டு மாற்றலாம். ஜோகூர் பக்கம் போய்ச் செம்மண் தடத்தில் ஓட்டுகிறவர்கள் மூன்று நான்கு டேங்க்குக்கு ஒருமுறை மாற்றுங்கள். புழுதி கண்ணை மறைத்தால் அதற்கும் முன்பே.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்ஜின்கள் இந்த வழியாகவும் நிறையச் சாகின்றன. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், காற்று குறைந்தால் கலவையில் எரிபொருள் மிஞ்சும். கார் மந்தமாகும், புகை கூடும். நீங்கள் உடனே கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான நீடிலை உள்ளே திருகி எரிபொருளைக் குறைக்கிறீர்கள். கார் நன்றாக ஓடுகிறது, சந்தோஷம். அடுத்த வாரம் சுத்தமான ஃபில்டரை மாட்டுகிறீர்கள். காற்று தாராளமாக வருகிறது, நீடில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. இப்போது எரிபொருள் போதாது. எரிபொருளில்தான் எண்ணெய் இருக்கிறது என்பதால் மசகும் போதாது. இன்ஜின் கொதிக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் ஸ்லீவ் போய்விட்டது, ஃபில்டர்தான் சரியில்லை என்று ஒரு அண்ணன் வருத்தத்தோடு வந்தார். ஃபில்டர் நன்றாகவே இருந்தது. ஆகவே டியூனிங்கை எப்போதும் சுத்தமான ஃபில்டரோடு செய்யுங்கள். ஃபில்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் நீடிலைக் கொஞ்சம் வெளியே திருகிவிட்டு, வெப்பமானியை பிளக் பக்கம் காட்டிப் பார்த்தபடி மெல்ல உள்ளே வாருங்கள். நைட்ரோ இன்ஜினுக்கு 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பரவாயில்லை.

வீட்டில் பல வருடமாக வைத்திருக்கும் பஞ்சு புதுசுபோல் தெரிந்தாலும் நம்பவேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியூரித்தேன் பஞ்சு தானாகவே மக்கும். விரலால் அழுத்தி விடுங்கள். மெதுவாக எழுந்தால் சரி. மாவாக உதிர்ந்தாலோ, அப்படியே அமுங்கிக் கிடந்தாலோ குப்பையில் போடுங்கள். உதிர்ந்த தூளை இன்ஜின்தான் விழுங்கும். எங்கள் அலமாரியில் இருந்த பழைய சரக்கையும் இப்படிச் சோதித்து, தேறாததை எடுத்துவிட்டோம். அண்மையில் எங்களிடம் வாங்கியதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள், ரசீது வேண்டாம்.

இந்த மாதத்திலிருந்து, பழுது பார்க்க வரும் எல்லா கார்களுக்கும் இணைப்புச் சோதனையை இலவசமாகச் செய்கிறோம். அதற்கு ஒரு வேண்டுகோள்: ஃபில்டரைக் கழற்றாமல், கழுவாமல், கடைசியாக ஓடிய நிலையிலேயே கொண்டு வாருங்கள். அழுக்கு எங்கே படிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் மண் எந்த வழியாக வந்தது என்று எங்களால் சொல்லமுடியும். கழுவிக் கொண்டுவந்தால் தடயம் போய்விடுகிறது.

எம்ஆர்டியில் வருகிறவர்கள் டேங்க்கைக் காலி செய்துவிட்டு வாருங்கள், எரிபொருள் டப்பாவையும் எடுத்து வரவேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருளுக்கு அங்கே 5,000 வெள்ளி வரை அபராதம். சோதனைக்கு வேண்டிய எரிபொருளை நாங்களே ஊற்றிக்கொள்கிறோம். சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்பதால், வாரநாள் மாலையில் வந்தால் உங்கள் கண் முன்னாலேயே பின்மூடியைத் திறந்து காட்ட எங்களுக்கு நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்