முதியோர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

முதியோர் இல்லம் ஒன்று கட்டவேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் பிரேரணை வந்தது. முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்று அதை ஒத்திவைத்தோம். போனோம். மட்டக்களப்பில் மனையும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது தெரிந்த கதை. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவுக்கோ இளையவள் வீட்டுக்கோ ஒதுங்குவார்கள். இப்போது மகள் குவைத்தில், முன்வீடு பூட்டு, பின்வளவில் கிழவி மட்டும். கூரை இருக்கிறது, கிளினிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. இருந்த வளவை விட்டு வரச் சம்மதித்தவர் ஒருவருமில்லை.

மதிய உணவுத் திட்டம் முதல் மாதமே படுத்துவிட்டது. பார்சல் கட்டிக் கொண்டுபோனோம். ஒரு பெத்தா (பாட்டி) தொடவேயில்லை. "நான் என்ன மனே, அகதி முகாமிலயா இருக்கன்?" என்று கேட்டா. 1990 யுத்த இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பார்சலுக்கு வரிசையில் நின்றவ. அந்தப் பொலித்தீன் பையே அவவுக்கு ஆகவில்லை. பிறகு அரிசி மரக்கறியை அயல்வீட்டில் கொடுத்தோம். அவர்கள் தங்கள் சோறோடு சேர்த்து ஆக்கி, கோப்பையில் மூடிக் கொண்டுபோகிறார்கள். வெறுங்கோப்பை திரும்புவதில்லை; முருங்கைக்கீரையோ இரண்டு தேசிக்காயோ இருக்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்துகொண்டு, துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்குக் காத்து அக்கரைக் கிளினிக்குக்குப் போவது வயதானவருக்குப் பெரும்பாடு. விடியவே நம்பர் எடுக்க எமது இளைஞர்கள் முன்னே போகிறார்கள். ஒருநாள் இருவரின் கிளினிக் கொப்பிகளை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சீனி வருத்தக் குளிசை பிரஷர்க்காரரிடம் போனது. நிறத்தைப் பார்த்து அவரே பிடித்துவிட்டார். இப்போது ஒவ்வொரு கொப்பியிலும் படம் ஒட்டியிருக்கிறோம்.

60 வயது நிரம்பியோருக்கான முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பங்கள் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிட, முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு தாயிடம் எடுத்துச் சொன்னேன். "என்ட புள்ளையிலயா வழக்கு?" என்று எழும்பிப் போய்விட்டா.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு இராத்துணை எம்மால் கொடுக்க முடியவில்லை. இல்லம் கேட்டவர்கள் அந்த இடத்தில் சொன்னது சரி. அதைப் புதிய நிர்வாகம் பேசட்டும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஓட்டோக் கூலியில் அவருக்கு என்மேல் கோபம் உண்டு.

புதன்கிழமைக் கிளினிக்குக்கு ஆள் போதாது. மோட்டார்சைக்கிள் வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

செயலாளர்