எக் குழுவின் முதல் ஆல்பம் விடுபட்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான படைப்புகளைக் கொண்ட ராக் வகை) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கீபோர்டை நம்பி நின்ற குழுக்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவுக்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே, 1970 மார்ச்சில், கிதாரே இல்லாமல் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் வைத்து ஒரு லண்டன் குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டது. குழுவின் பெயர் எக், ஆல்பத்துக்கும் அதே பெயர். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

கிதாரை அவர்கள் கொள்கைக்காக விடவில்லை. பள்ளிக்கூடத் தோழர்களான டேவ் ஸ்டூவர்ட் (ஆர்கன்), மான்ட் காம்பெல் (பேஸ், பாட்டு), ஸ்டீவ் ஹில்லேஜ் (கிதார்) மூவரும், டிரம்ஸ் வாசித்த கிளைவ் புரூக்ஸும் யூரியல் என்ற பெயரில் வாசித்து வந்தார்கள். 1968இல் ஹில்லேஜ் மேற்படிப்புக்காக கேன்டர்பரி போய்விட்டார். கிதார்காரர் போன இடத்துக்கு இன்னொருவரைத் தேடாமல், அந்த வேலையையும் ஆர்கன் தலையில் ஏற்றினார்கள். மீதி இருந்த அந்த மூவர்தான் எக். ஆல்பம் வந்தபோது ஸ்டூவர்ட்டுக்கு வயது 19. (யூரித்மிக்ஸ் என்ற பாப் குழுவின் டேவ் ஸ்டூவர்ட் வேறு, இவர் வேறு. பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இது ஆடுவதற்கான இசை அல்ல, உட்கார்ந்து கேட்பதற்கான இசை, கவனம் நிறைய வேண்டும் என்று ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பயந்து ஒதுங்கியவர்கள் உண்டு. பயப்படத் தேவையே இல்லை. நான்கு அடியில் நிற்காத தாளம் ராக் கேட்பவர்களுக்குத்தான் புதிது, சாபு தாளத்துக்குத் தொடையில் தட்டிப் பழகியவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு. 1969இல் வந்த இவர்களுடைய முதல் சிங்கிளே ஏழு எண்ணிக்கைத் தாளத்தைக் கொண்டாடும் பாட்டு. முதன்முதலில் கேட்டபோது என் கை தானாகவே 'தகிட தகதிமி' போட்டது. கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே மெட்டு மட்டும்தான் தெரியும். அந்தச் சின்ன வயதில் அவர்களுக்கு அந்த அடக்கம் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே படைப்பு, இரண்டாவது சிம்பொனி. அதில் நடந்ததையாவது நீங்கள் எழுதியிருக்க வேண்டும். முதல் பகுதியில் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு ஒன்று வந்து போகும். மூன்றாம் பகுதியில் ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை எடுத்தாண்டிருந்தார்கள். கிரீக் இறந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியோ அப்போது உயிரோடு இருந்தார். பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று பயந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டே ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஒரு சிம்பொனியின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி எடுத்துவிட்டு, பிறகு படைப்பில் ஒட்டுதல் இல்லை என்று குறை சொன்னால் அது நியாயமா?

காம்பெலின் குரல் எல்லாருக்கும் பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத குரல். எனக்கு அது அந்த ஆர்கனோடு சரியாகவே பொருந்துகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் ஃபியூகை (ஒரே மெட்டைப் பல இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) இவர்கள் வாசித்திருப்பதையும் கேளுங்கள். பகட்டு இல்லை, வேகம் காட்டும் வித்தை இல்லை. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் 1971இல் வந்த இரண்டாவது ஆல்பத்தைத்தான் தூக்கிப்பிடிக்கிறார்கள். அது நல்ல ஆல்பம்தான். ஆனால் அதில் வளர்ந்து நிற்பதெல்லாம் முளைவிட்டது இங்கேதான்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் எக் குழுவுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எழுதப் போகிறவரிடம் பழைய இசைத்தட்டைக் கொடுக்காதீர்கள். பின்னாளில் மூன்றாம் பகுதியையும் சேர்த்து வந்த சிடி பதிப்பைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்