சேகர் வண்டி விஷயம்

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவிதா பிளஸ் டூ எழுதிவிட்டாள். உன் மூட்டுவலி எப்படி? அந்த எண்ணெயை இன்னும் தேய்க்கிறாயா, வீட்டில் யாராவது பக்கத்தில் வருகிறார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் செங்கல்பட்டில் பாபு பெண்ணுக்கு ரிசப்ஷன். சேகர் பைக்கில்தான் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தொடவில்லை. கிளம்பும்போது "நான் ஓட்டட்டுமா" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஸ்டெடியா இருக்கேன்டா" என்றான். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரத்துக்கு முன்னால் தடுப்பு வைத்து மடக்கினார்கள். ஊதச் சொன்னார்கள். மெஷின் 112 காட்டியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே வழக்கு. வண்டி ஸ்டேஷனுக்குப் போனது, அவனுக்கு 10,000 ரூபாய் அபராதம். அப்புறம் எஸ்.ஐ. என் பெயரையும் எழுதினார். "சார், நான் குடிக்கவில்லை, வேண்டுமானால் ஊதுகிறேன்" என்றேன். "நீங்க குடிக்கலன்னு தெரியுது. அவர் குடிச்சது உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றார். எனக்கும் அதே 10,000.

இரண்டு நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு ரவியிடம் கேட்டேன், வக்கீல் தோரணையில் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 185-ஆவது பிரிவு குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு, 188-ஆவது பிரிவு அதற்கு உடந்தையாக இருப்பவனுக்கு. தண்டனை இரண்டு பேருக்கும் ஒன்றே. முன்பு 2,000 ரூபாயாக இருந்ததை 2019 திருத்தம்தான் 10,000 ஆக்கியது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருடம் வரை. பின்னால் உட்காருகிறவருக்கும் அபராதம் உண்டு என்று 2022 அக்டோபரிலேயே சென்னைப் போலீஸ் அறிவித்துவிட்டதாம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் சாராயக் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, டீக்கடையில் நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம், ஞாபகம் இருக்கிறதா? கடையைத் தள்ளிவைக்க ஆசைப்பட்டோம். சேகர் கையிலிருந்து சாவியை வாங்க இத்தனை வருடத்தில் நீயும் கை நீட்டியதில்லை, நானும் நீட்டியதில்லை.

இன்னொன்று. அன்று வரும் வழியில் மறைமலைநகர் பக்கம் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்தபடி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு முழம்தான் இடைவெளி முரளி. சேகர் அவர்களைக் கவனிக்கவே இல்லை. குழந்தையின் கையை அவள் வெடுக்கென்று இழுத்ததை நான் பார்த்தேன். இதைப் போலீஸிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அந்த எஸ்.ஐ. கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது அதனால்தான்.

பணம் கட்டி வண்டியை எடுத்துவிட்டான். சனிக்கிழமையானால் மறுபடி பழைய கதை. நான் சொன்னால் சண்டைக்கு வருகிறான், இப்போது பேச்சும் இல்லை. நீ சொன்னால் கேட்பான், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். போனில் வேண்டாம், நேரில் பேசு.

கிரகப்பிரவேசத்துக்கு 20-ஆம் தேதி வருகிறாய் அல்லவா? எழும்பூரில் உன்னை அழைத்துப்போக அவன்தான் வருவான். இறங்கியதும் முதலில் சாவியை வாங்கி உன் பையில் போட்டுக்கொள். ஊருக்குத் திரும்பும் வரை கொடுக்காதே.

அன்புடன்,
கணேசன்